பாதி இறங்கிய ஷட்டரும் ஒரு ரோஜா மாலையும்

பெங்களூரில் இறங்கிய அன்று காலையிலேயே என் மச்சினன் முருகேசன் செத்துப்போய்விட்டான் என்று நம்பிவிட்டேன். சும்மா நம்பவில்லை. ரோஜா மாலையே வாங்கிவிட்டேன். அதுவும் பேரம் பேசாமல். மளிகைக் கடைக்காரன் ஒருவன் பேரம் பேசாமல் ஒரு பொருளை வாங்கினான் என்றால் அவன் துக்கம் எப்பேர்ப்பட்டது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் செத்தான் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே பார்த்தேன், நானே முடிவு கட்டினேன், நானே அழுதேன். எல்லாம் ஒரே ஆள் செய்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது.

போனது நல்ல காரியத்துக்கு. என் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். எங்கள் வழக்கத்தில் முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. நேரில் போய், தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் பக்கத்து வீட்டுக்குக்கூட நீட்டக் கூடாது. முருகேசன் என் மனைவி கஸ்தூரிக்கு ஒரே தம்பி. அதனால் என் மகளுக்கு ஒரே தாய்மாமன். கல்யாணமே பண்ணிக்கொள்ளாத ஆள். பெங்களூர் ஜீவனஹள்ளியில் பல வருஷமாக மளிகைக் கடை வைத்திருக்கிறான். சில நாளாகவே அவனுக்குப் போன் அடித்தால் ஒரு பெண் கன்னடத்தில் மிகவும் வருத்தமாக ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.

“அவன் என்னிக்கு போன்ல சார்ஜ் போட்டிருக்கான்? நீங்க நேர்ல போயி வெச்சிட்டு வந்துடுங்க. போற எடத்துல உங்க கோமாளித்தனத்தைக் காட்டாம வாங்க” என்று சொல்லித்தான் கஸ்தூரி மஞ்சள் பையைக் கையில் கொடுத்தாள். பையில் தட்டு, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், வாழைப்பழம், அவனுக்கு ஒரு வேட்டி, மேலே பத்திரிகை.

குடியாத்தத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் எனக்குப் பெங்களூர் வெளிநாடுதான். ரயிலில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும் என்றாலும், சாம்பாரில் வெல்லம் போடும் ஊரை உள்நாடு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் பாஷா பாய். என் வயதுதான், தாடிக்கு மட்டும் என்னைவிட வயது அதிகம்.

“ஆப்லே போடுங்கோ சார்.”

“ஆப் இல்லையே பாய்.”

“அரே, அப்போ நம்மளே பேசிக்கலாம், குந்துங்கோ.”

வழியெல்லாம் கடைகளைக் காட்டிக்கொண்டே வந்தார். அரிசி மண்டி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. துணிக்கடை இருந்த இடத்தில் பூனைக்கும் நாய்க்கும் தீனி விற்கும் கடை. உள்ளே குளிர்சாதனம் ஓடுகிறது. பாத்திரக் கடை, மாவு மில், சைக்கிள் கடை மூன்றும் சேர்ந்து ஒரே காபிக் கடை ஆகிவிட்டன. “முன்னே இங்கே சாமான் வாங்க வருவாங்கோ. இப்போ எல்லாரும் காபி குடிக்கத்தான் வர்றாங்கோ” என்றார் பாய். “காபி குடிச்சுக் குடிச்சு ஊரே தூங்காம ஒக்காந்துக்கினு கெடக்குது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு பழைய கடையின் இடத்திலும் என் கடையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பூனைத் தீனிக் கடை மட்டும் ஓரளவு பொருந்தியது.

ஜீவனஹள்ளித் தெருமுனையில் இறங்கினேன். முருகேசன் கடை மூலைக் கட்டடத்தில், பெரிய ரோட்டைப் பார்த்து இருக்கும். அங்கேதான் என் உயிர் நின்றது. கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

இதை விளக்க வேண்டும். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் சாவு விழுந்தால் கடையை முழுக்கச் சாத்தமாட்டோம். ஷட்டரைப் பாதி இறக்கி, விளக்கை அணைத்துவிட்டு, வாசலில் கை கட்டி நிற்போம். எடுத்துக்கொண்டு போகிறவர்கள் தெருவைத் தாண்டிய பிறகு தண்ணீர் தெளித்து ஷட்டரை ஏற்றுவோம். தெருவில் யாராவது என்றால் எல்லாக் கடையும் பாதி இறங்கும். ஒரே ஒரு கடை மட்டும் பாதி இறங்கியிருந்தால் அந்தக் கடைக்காரன் வீட்டிலேயே சாவு. முருகேசன் வீட்டில் முருகேசனைத் தவிர யாரும் கிடையாது.

ஷட்டருக்கு வெளியே இருபக்கமும் பைக்குகள். பைக்குகளின் மேல் ஒரே நிறத்தில் சட்டை போட்ட இளைஞர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் துக்கத்தை எவ்வளவு மரியாதையாக அனுசரிக்கிறார்கள், சங்கத்தில் சொல்லி ஒரே மாதிரிச் சட்டைகூடத் தைத்திருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோனேன். அவர்கள் கையில் இருந்த செல்போன் என் கண்ணில் படவில்லை. கண்ணில்தான் தண்ணீர் நின்றதே.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் மச்சினனுக்காக அழுதேன். அடுத்த நொடியே கல்யாணம் நின்றுவிடுமே என்று அழுதேன். தாய்மாமன் செத்த வருஷத்தில் எப்படி மேளம் கொட்டுவது? மூன்றாவதாக, இதைக் கஸ்தூரியிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அழுகை நின்று வியர்வை வந்தது.

கையில் மங்கலப் பை. அதை எடுத்துக்கொண்டு துக்கத்துக்குள் நுழையக் கூடாது. எதிரே ஒரு பேக்கரி இருந்தது. காரா பன், தில்பசந்த், கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் மஞ்சளாகக் கேக். கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் பெயர் ராஜண்ணா என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார்.

“அண்ணே, இந்தப் பையைக் கொஞ்சம் வெச்சிருங்க. உள்ள போய்ட்டு வந்துடறேன்.”

“வெச்சிட்டுப் போங்க. என்னா சார், கண்ணெல்லாம் செவந்திருக்கு? ஒரு காபி குடிங்க, பை டூ போடட்டுமா?”

இன்னொருவரோடு காபியைப் பாதியாகப் பங்கிட்டுக் குடிக்கும் ஊர் அது. என் துக்கத்தைப் பங்கிட யாரும் இல்லாததால் வேண்டாம் என்று தலையாட்டினேன். பேக்கரி ஓரமாக இருந்த பூக்காரம்மாவிடம் மாலையை வாங்கிக்கொண்டு, ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்தேன்.

உள்ளே பாடையும் இல்லை, பாயும் இல்லை. கூரை வரை இரும்பு அலமாரிகள். அதில் எண்ணெயும் சோப்பும் பிஸ்கட்டும். பிள்ளைகள் பையைக் கையில் வைத்துக்கொண்டு சந்துசந்தாக ஓடிக்கொண்டிருந்தார்கள். நீலச் சட்டைக் காவலாளி ஒருவர் ஓடி வந்து இந்தியில் தடுத்தார். எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் துவரம்பருப்பு மூட்டையில் அச்சடித்திருக்கும் இந்திதான். அழுதுகொண்டே மாலையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் வாங்கி, வாசலுக்கு மேல் மாட்டியிருந்த பிள்ளையார் படத்துக்குப் போட்டார். என்னைக் கும்பிட்டார். பிறகு வெளியே போகச் சொன்னார்.

ரோட்டில் நின்று யோசித்தேன். கடையில் பிணம் இல்லை. ஆனால் முருகேசன் கடையும் இல்லை. பக்கத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் என்னவென்று கேட்பது? ‘என் மச்சினன் உயிரோடு இருக்கிறானா?’ என்று கல்யாணப் பத்திரிகையோடு வந்த ஒருவன் நடுரோட்டில் கேட்கலாமா? இறங்கும்போது நம்பர் கொடுத்திருந்த பாஷா பாய்க்குப் போன் போட்டு, கடையில் மச்சினன் இல்லை, வீடு நீலசந்திராவில் என்றேன்.

“நீலசந்திராலே வீடு இருந்தா அங்கே போலாம் வாங்கோ. ஏன் சார் குரல் ஒரு மாதிரி கீது?”

நீலசந்திராவில் முருகேசன் குடியிருந்த வீட்டுக்குப் போனோம். வழியில் நடந்ததையெல்லாம் சொன்னதும், “அது ஆப்காரங்கோ குடோன் சார்” என்றார் பாய். ஒரு ஆள் நடந்தால் எதிரில் வருகிறவர் ஒதுங்க வேண்டிய சந்து. அவன் வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா நிமிர்ந்தார்.

“முருகேசண்ணனா? அவரு வூட்டைக் காலி பண்ணிக்கினு போயிட்டாரேப்பா. எங்கன்னு தெர்ல. நீங்க யாரு?”

“அவங்கக்கா வூட்டுக்காரர்.”

“அட, அக்கா வூட்டுக்காரருக்கே தெர்லயா? நல்லா இருக்குதே ஒறவு!” என்று இடுப்பில் கை வைத்தார். “போன வாரம் எம் பொண்ணு பாத்தாளாம். மால்ல கீழ பெரிய கடை இருக்குல்ல, அங்க ட்ராலி தள்ளிக்கினு இருந்தாராம். இவ கூப்ட்டதுக்கு, வேலையா இருக்கேன்மா அப்புறம் பேசறேன்னாராம்.”

பாஷா பாய் என் தோளில் தட்டினார். “பாத்தீங்களா? ட்ராலி தள்ற ஆளு மௌத் ஆயிருக்க மாட்டான் சார்.”

மச்சினன் பிழைத்தான். ரோட்டோரம் உட்கார்ந்து ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் அடுத்த பீதி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. முருகேசன் கடையை இழந்துவிட்டான். பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் பொருள் கொண்டுவரும் ஆப்காரர்கள் அவன் இடத்தைப் பிடித்துவிட்டார்கள். என் மகளின் ஒரே தாய்மாமன் மாலில் ட்ராலி தள்ளுகிறான். அந்த அவமானத்தில்தான் போனை அணைத்து வைத்திருக்கிறான். பத்திரிகையை நீட்டினால் வாங்குவானா? ‘சபையில வந்து நிக்க எனக்கு மூஞ்சி இல்ல மாமா’ என்று சொல்லிவிட்டால்? இன்றைக்கு அவன், நாளைக்குக் குடியாத்தத்தில் நான். ட்ராலி தள்ள எனக்கு முழங்கால் வேறு சரியில்லை.

அன்று அல்சூரில் ஒரு லாட்ஜில் தங்கினேன். சாப்பிட்ட இடத்தில் சாம்பார் பாயசத்துக்குத் தம்பி மாதிரி இருந்தது. கஸ்தூரி கூப்பிட்டாள்.

“வெச்சிட்டீங்களா?”

“நாளைக்கு நாள் நல்லா இருக்காம். நாளைக்கு வெக்கிறேன்.”

“நீங்க எப்ப இருந்து நாள் பாக்க ஆரம்பிச்சீங்க? தம்பி நல்லா இருக்கானா?”

“இருக்கான்” என்றேன். அந்த நிமிஷம் அதற்கு மேல் எனக்கு உறுதியாக ஒன்றும் தெரியாது.

மறுநாள் மாலுக்கு மெட்ரோவில் போனேன். போக வேண்டிய திசைக்கு எதிர்த் திசையில் ஏறி, ஊரின் மறுகோடி வரை போய், அதே வண்டியில் திரும்பி வந்தேன். ஆனால் மேலிருந்து பார்க்கும்போது ஒன்று தெரிந்தது. ரோட்டைப் பார்த்த பக்கமெல்லாம் கண்ணாடியும் விளக்குமாகப் புதுக் கடைகள். அதற்குப் பின்னால், சந்துகளில், தார்ப்பாய் கட்டின பழைய கடைகள் அப்படியே இருந்தன. அதைப் பார்த்தேனே தவிர, அதிலிருந்து ஒன்றும் விளங்கிக்கொள்ளவில்லை. பீதியில் இருக்கும் மனிதனுக்குக் கண் இருக்கும், வேறொன்றும் இருக்காது.

மாலின் கீழ்த்தளத்துக் கடைக்குள் முருகேசனைத் தேடி அலமாரி அலமாரியாக நடந்தேன். அங்கே ஒரு விபத்து நடந்தது. உளுந்து பாக்கெட்டுகள் கோணல்மாணலாகக் கிடந்தன. என் கை சும்மா இருக்காமல் அடுக்கிவிட்டது. அடுத்து பச்சைப்பயறு. அடுத்து ரவை. ஒரு அம்மா வந்து, “அண்ணா, பன்சி ரவா எங்க?” என்று தமிழிலேயே கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். “இது நல்லா இருக்குமா?” “உப்புமாவுக்கு நல்லா இருக்கும்மா. வறுத்துட்டுப் போடுங்க.” அவர் பின்னாலேயே இன்னொருவர் பாசிப்பருப்பு கேட்டார். அவருக்குப் பின்னால் ஒரு சின்ன வரிசையே நின்றது. மச்சினன் இங்கே வேலை பார்க்கிறானா என்று பார்க்கப் போனவன், சம்பளம் இல்லாமல் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

சீருடை போட்ட ஒரு பெண் வந்து இடுப்பில் கை வைத்தாள். தருமபுரிக்காரப் பெண், பேச்சிலேயே தெரிந்தது.

“சார், நீங்க யாரு? எங்க ஸ்டாஃப் இல்லியே?”

“இல்லம்மா, ஒருத்தரைத் தேடி வந்தேன்.”

“தேடி வந்தா தேடணும். எதுக்குப் பருப்பு விக்கறீங்க?”

போனில் இருந்த முருகேசன் படத்தைக் காட்டினேன். குரலை இறக்கி, “இவரு இங்க ட்ராலி தள்ற வேலைலதானே இருக்காரு?” என்றேன்.

படத்தைப் பார்த்ததும் அவள் சிரித்துவிட்டாள். “இவரா? இவரு இங்க வேலை செய்யலைங்க சார். ஆஃபர் போடற அன்னிக்குக் கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிப்பாரு. எண்ணெய், சோப்பு, டீத்தூள்னு ட்ராலி ட்ராலியா அள்ளிட்டுப் போவாரு. கடை வெச்சிருக்காரு போல. எங்க மேனேஜருக்கு இவரைக் கண்டாலே ஆகாது.”

நெற்றியில் அடித்துக்கொண்டேன். ஏஜென்ட் தரும் விலையைவிடப் பெரிய கடையின் சலுகை விலை குறைவாக இருந்தால், அங்கே போய் வாங்கி வந்து நம் கடையில் வைத்து விற்பது மளிகைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். வேலூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் என் முகத்தைப் பார்த்தாலே எண்ணெய் அலமாரியை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். மற்ற யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, அவனுக்குக் கடை இருக்கிறது. எங்கே?

பதற்றத்தில் பேக்கரியிலேயே மறந்துவிட்ட பையையாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஜீவனஹள்ளிக்குத் திரும்பினேன். மூலைக் கட்டடத்தில் ஷட்டர் அப்படியே பாதியில் நின்றது. இப்போது என் கண்ணில் தண்ணீர் இல்லாததால் எல்லாம் தெரிந்தது. பைக்கில் குனிந்திருந்த பிள்ளைகள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனுடைய போன் கூவியதும், ஷட்டருக்கு அடியில் கையை விட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பறந்தான். வாடிக்கையாளர் யாரும் உள்ளே வர வேண்டாம் என்பதற்காகவே பாதி இறக்கி வைத்திருக்கிறார்கள். துக்கமும் இல்லை, மரியாதையும் இல்லை. வியாபாரம். பிள்ளையார் படத்தில் என் மாலை வாடாமல் இருந்தது.

பேக்கரியில் பையைத் திறந்தேன். மாலைக்கு இருந்த ஆயுசு வெற்றிலைக்கு இல்லை. கறுத்து, சுருண்டு, பத்திரிகையின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. என் முகத்தைப் பார்த்து ராஜண்ணா எட்டிப் பார்த்தார்.

“வெத்தலை போச்சா? ஏன் சார் கவலைப்படறீங்க? பின்னாடி சந்துல நம்ம முருகேசன் அங்கடில ஃப்ரெஷ்ஷா இருக்கும். போய் வாங்கிக்கங்க.”

நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டேன். “எந்த முருகேசன்?”

“எந்த முருகேசனா? இந்தக் கார்னர்ல இருந்தாரே, குடியாத்தத்துக்காரர். இப்பத்தான் ரெண்டு பன் வாங்கிட்டுப் போனாரு.”

“இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க நேத்து கேட்டீங்களா சார்?” என்றார் ராஜண்ணா, மிகவும் நியாயமாக.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். நான் மாலையோடு அழுத சுவருக்கு அந்தப் பக்கம், சந்தைப் பார்த்துக் கடை திறந்திருந்தது. முழு ஷட்டரும் மேலே. வாசலில் வாழைத்தார், சரம் சரமாக ஷாம்பு பாக்கெட், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண், பால் வாங்க வந்த ஒரு பெரியவர். முன்பக்கத்து ஒரே நிறச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் நின்றுகொண்டு பன்னும் பழமும் தின்றுகொண்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களுக்குப் பசித்தால் இங்கேதான் வருகிறார்கள். உள்ளே முருகேசன், குனிந்து வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தான்.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் குணம் எங்கே போகும்?

“ஒரு கவுளி வெத்தலை. நல்லதாக் குடுய்யா, அழுகினது வேணாம்.”

தலை நிமிராமலே, “எங்க கடைல அழுகினதுலாம் இருக்காது. வேணும்னா எடு, இல்லன்னா ஆப்ல போட்டு வாங்கிக்க” என்றான். கொடுத்த பிறகுதான் பார்த்தான். “மாமா! நீங்களா? எப்ப வந்தீங்க? அக்கா எங்க?”

“உன் போன் என்னடா ஆச்சு?”

“எண்ணெய் டின்ல விழுந்துடுச்சு மாமா. வடியட்டும்னு தலைகீழா மாட்டி வெச்சிருக்கேன்.” ஆணியில் ஒரு துணிப்பை தொங்கியது. அதன் அடியில் ஒரு கிண்ணமும் வைத்திருந்தான். ஒரு சொட்டு எண்ணெயை வீணாக்காத குடும்பம் என் மனைவி வீட்டுக் குடும்பம்.

கட்டடத்துச் சொந்தக்காரர் ரோட்டுப் பக்கத்தை ஆப் கம்பெனிக்கு விட வேண்டும் என்றாராம். இவன் பின்பக்கக் குடோனைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஷட்டரைச் சந்துப் பக்கம் வைத்துவிட்டான். மேலேயே ஓர் அறை கிடைத்ததால் நீலசந்திரா வீட்டையும் விட்டுவிட்டான்.

“ரோட்டுல போறவங்க போயிட்டாங்க மாமா. சந்துல இருக்கறவங்க எங்கயும் போகல” என்றான். பிறகு சிரித்தான். “ஒரு கூத்து கேளுங்க. நேத்து யாரோ ஒரு புண்ணியவான் முன்னாடி கடைக்கு ரோஜா மாலை கொண்டாந்து குடுத்துட்டு அழுதுக்கிட்டே போனாராம். பசங்க சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க. பெங்களூர்ல எப்படிப்பட்ட ஆளுங்கல்லாம் சுத்துறாங்க பாருங்க.”

“காலம் கெட்டுப்போச்சு” என்றேன்.

தட்டைக் கழுவி, துடைத்து, அவன் கொடுத்த வெற்றிலையைப் பரப்பினேன். மேலே பத்திரிகை, வேட்டி, கறுத்துப்போன வாழைப்பழத்துக்குப் பதிலாக அவன் தாரிலிருந்தே நல்ல பழம். பன் தின்றுகொண்டிருந்த பிள்ளைகள் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். முருகேசன் கையில் ஒட்டியிருந்த வெல்லத்தைக் கழுவிவிட்டு வந்தான்.

“என் கடை வெத்தலையை எனக்கே வெக்கிறீங்களே மாமா.”

“புடிடா, கை நோவுது.”

நடந்தது இவ்வளவுதான். என் மச்சினன் சாகவில்லை, ட்ராலி தள்ளும் வேலைக்கும் போகவில்லை. கடையைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். நான் முன்பக்கத்தில் நின்று அழுதுவிட்டு, ஊரெல்லாம் சுற்றிவிட்டு, பின்பக்கம் போனேன். முருகேசன் பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிக்கொண்டான். வெற்றிலைக்குக் காசு வாங்கவில்லை.